பெட்டியின் மூலையில் ஓர் எண்

கண்டி மாநகரின் தெற்கே ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. நகரின் நடுவே ஏரியும் அதன் கரையிலே தலதா மாளிகையும் விளங்க, அவற்றுக்கு மேலே பசுமையானதோர் அரண்போல அம்மலை தோன்றும். சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் படர்ந்துள்ளன. 1925 ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை நூதனசாலையாக அங்கே இருக்கின்றது. அங்குச் செல்வோர் தேயிலையின் வரலாற்றை அறிந்து திரும்புவர். ஆனால், வேறொரு வரலாற்றிலும் அம்மலைக்கு இடமுண்டு. உலகெங்கும் பிள்ளைகள் ஆவலோடு கையிலெடுக்கும் காணொளி விளையாட்டுப் பெட்டிகளின் மூலையிலே, "இது இன்ன வயதினர்க்கு உரியது" என்று கூறும் சிறியதொரு குறி காணப்படுகின்றதன்றோ? அக்குறியின் வரலாறே அது.

1983 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே அமெரிக்கப் படப்பிடிப்புக் குழுவொன்று கண்டிக்கு வந்து சேர்ந்தது. நெறியாளர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். கதையை வகுத்தவர் ஜோர்ஜ் லூக்காஸ். கதாநாயகன் ஹரிசன் ஃபோர்ட். "இந்தியானா ஜோன்ஸும் அழிவின் ஆலயமும்" என்று பொருள்படும் பெயருடையது அப்படம். கதை 1935 ஆம் ஆண்டில் இந்தியாவிலே நிகழ்வது. எனினும் கதையின் போக்கை ஏற்காத இந்திய அரசு, மாற்றங்கள் செய்யாவிடின் அனுமதியில்லை என்றது. ஆகவே, இந்தியக் கிராமம் இலங்கையின் மலைநாட்டிலே உருவாயிற்று.

ஹந்தானைத் தோட்டப் பகுதியிலே அக்கிராமம் அமைக்கப்பட்டது. வறண்டு வாடிய ஊர். அதன் பிள்ளைகளையெல்லாம் கொடியோர் கவர்ந்து சென்றுவிட்டனர். ஊர்ப் பெரியவராக நடித்தவர் சிங்களத் திரையுலகின் புகழ்பெற்ற நடிகர் டி. ஆர். நாணயக்கார. இந்தியராகத் தோன்றும் கிராமத்தவர் பேசுவது சிங்களம் என்பதை இலங்கையர் கேட்ட மாத்திரத்தே அறிந்துகொள்வர். படப்பிடிப்பு ஏற்பாடுகளிலே இலங்கைத் திரைப்படக் கலைஞர் சந்திரன் இரத்தினம் பெரும் பங்கு வகித்தார்.

படத்தின் முடிவிலே வரும் தொங்குபாலம் கண்டிக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கிலே கட்டப்பட்டது. அப்பொழுது அங்கே பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா அணை எழுந்துகொண்டிருந்தது. 122 மீற்றர் உயரமுடைய அவ்வணையே இலங்கையிலே மிக உயர்ந்தது. அணையின் பொறியியலாளர் துணைநிற்க, உருக்குக் கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்ட பாலம், கமெராக்கள் சூழ்ந்து நிற்க, வெடிவைத்து அறுக்கப்பட்டது. ஒரே முறைதான் அறுக்க முடியும். தவறினால் மறுமுறை இல்லை.

படம் 1984 மே 23 ஆந் தேதி அமெரிக்காவிலே வெளியாயிற்று. மக்கள் திரண்டனர். திரண்டவருள் சிறு பிள்ளைகளைக் கையிற் பிடித்துச் சென்ற பெற்றோரும் பலர். அரங்கின் இருளிலே அவர்கள் எதிர்பாராத காட்சியொன்று வந்தது. பலிபீடத்தின் முன்னே, உயிரோடு நிற்கும் மனிதனொருவனின் மார்பிலிருந்து பூசாரி வெறுங்கையால் இருதயத்தைப் பிடுங்கி எடுக்கின்றான். பிள்ளைகள் அலறினர், பெற்றோர் சினங்கொண்டனர். கொடியோரிடம் சிக்கிய குழந்தைகளை மீட்பதைப் பொருளாகக் கொண்ட படம் குழந்தைகள் பார்க்கத் தகாததாய் அமைந்தது விந்தையே.

அக்காலத்து அமெரிக்கப் படங்களுக்கு 1968 முதல் வயது வகுப்புகள் இருந்தன. எல்லார்க்கும் உரியது ஒரு வகுப்பு. "பெற்றோர் வழிகாட்டுதல் நன்று" என்னும் பொருளிலே "பீ.ஜி." மற்றொன்று. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் புகலாகாது என்பது "ஆர்". அழிவின் ஆலயம் பெற்றது "பீ.ஜி." தான். அதே ஆண்டு யூன் மாதத்தில் வந்த "கிரெம்லின்ஸ்" என்ற படமும் அதே குறியுடன் வெளிவந்து அதே கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதினைந்து வயது இளைஞனுக்கும் ஒரே குறி போதுமா என்ற வினா எழுந்தது. ஏணியிலே ஒரு படி குறைந்திருந்தது.

அப்படியை இட வேண்டும் என்று திரைப்படச் சங்கத் தலைவர் ஜாக் வலென்றியிடம் எடுத்துரைத்தவர் ஸ்பீல்பேர்க்கே. 1984 யூலை முதலாந் தேதி "பீ.ஜி. 13" என்னும் புதிய வகுப்பு நடைமுறைக்கு வந்தது. படம் வெளியாகி ஆறு கிழமைகூட நிறைவுறவில்லை. பிரித்தானியாவிலும் 1989 இலே பன்னிரண்டு வயதுக்கென ஒரு வகுப்பு ஏற்பட்டது. இந்தியாவிலே இடைப்பட்ட வகுப்பு சற்று முந்தியே வந்துவிட்டது. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின் "யு", "ஏ" என்ற இரண்டுக்கும் நடுவே 1983 இலே "யு-ஏ" சேர்ந்தது. கண்டி அரங்குகளிலே தமிழ்ப் படம் பார்த்தோர் படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் இவ்வெழுத்துக்களைக் கண்டிருப்பர். 2023 இலே வந்த திருத்தச் சட்டம் அந்த "யு-ஏ" வையும் 7, 13, 16 என்ற எண்களால் மூன்றாகப் பிரித்தது.

திரைப்படத்தின் குறி விளையாட்டுப் பெட்டிக்கு வந்த வழியை இனிக் காணலாம்.

பெட்டிக்கு ஒரு தனிக்கலை உண்டு. 1970 களின் பிற்பகுதியிலும் 1980 களின் தொடக்கத்திலும் அட்டாரி நிறுவனத்தின் விளையாட்டுக்களைத் தொலைக்காட்சித் திரையிலே பார்த்தால் சில சதுரப் புள்ளிகள் அசைவதே தெரியும். வீரன் ஒரு சதுரம். பறவைநாகமும் அத்தகைய சில கோடுகளே. அதனால், பார்ப்பவரின் கற்பனையைத் தூண்டும் பொறுப்பு வெளிப்பெட்டிக்கு வந்தது. கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் உயிர்த்துடிப்புள்ள வண்ணச் சித்திரங்களைத் தீட்டினர். சதுரப் புள்ளியை வீரனாக எண்ணிக்கொள்ள அச்சித்திரங்கள் பிள்ளைகளுக்கு உதவின.

ஆனால் உறையின் வாக்குறுதிக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் இடைவெளி பெருகியபொழுது வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர். "ஈ.டி." என்ற ஸ்பீல்பேர்க்கின் படத்தைத் தழுவிய விளையாட்டொன்று 1982 ஆம் ஆண்டுப் பண்டிகைக் காலத்துக்கென ஏறக்குறைய ஐந்தே கிழமைகளில் உருவாக்கப்பட்டது. பெட்டி அழகியது, விளையாட்டோ பிள்ளைகளை ஏமாற்றியது. கடைகளிலே தேங்கிய சரக்கின் ஒரு பகுதியை 1983 இலே நியூ மெக்சிக்கோவின் அலமொகோர்டோ என்னுமிடத்தில் குழிதோண்டிப் புதைத்தனர். 2014 இலே அக்குழி தோண்டப்பட்டபொழுது அப்பெட்டிகள் மீண்டும் வெளிப்பட்டன.

இவ்வீழ்ச்சிக்குப் பின், 1985 இலே அமெரிக்கச் சந்தையிற் புகுந்த யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ வேறு வழியை மேற்கொண்டது. அதன் முதற் பெட்டிகள் கரிய நிறத்தன. திரையிலே தோன்றும் அதே சதுரப் புள்ளி உருவங்களைப் பெரிதாக்கி முகப்பிலே அச்சிட்டனர். உள்ளே இருப்பதுதான் வெளியே இருக்கின்றது என்பது அதன் பொருள். தரத்துக்குச் சான்றாக ஒரு முத்திரையும் பதித்தனர். ஆயினும், அம்முத்திரை வயதைப் பற்றி யாதும் கூறவில்லை.

மகாவலிப் பள்ளத்தாக்கின் தொங்குபாலமும் விளையாட்டாக மாறிற்று. 1985 இலே காசு போட்டு விளையாடும் இயந்திரமாக அட்டாரி அதனை வெளியிட்டது. சுரங்கத்தில் கட்டுண்ட குழந்தைகளை விளையாடுவோன் சவுக்கைச் சுழற்றி விடுவிப்பான். தண்டவாள வண்டியில் விரைவான். இறுதியிலே தொங்குபாலத்தை அடைவான். 1988 இலே வீட்டில் விளையாடும் பேழையாகவும் அது பெட்டியில் வந்தது. திரைப்படத்துக்கு வயது வகுப்பு ஒன்று பிறக்கக் காரணமாயிருந்த அதே கதை, விளையாட்டாகி வந்தபொழுது வயதுக் குறியின்றியே விற்பனையாயிற்று. அத்தகைய ஒழுங்கு அத்துறையிலே அன்று இருக்கவில்லை. விளையாட்டென்றால் பிள்ளைகளுக்கு உரியது என்று எல்லாரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தைக் கலைத்தது "மோர்ட்டல் கொம்பட்" என்னும் சண்டை விளையாட்டு. 1993 செப்டெம்பரிலே அதன் வீட்டுப் பதிப்பு விற்பனைக்கு வந்தது. தோற்றவனைக் குரூரமாகக் கொல்லும் காட்சிகள் அதிலே இருந்தன. நின்டெண்டோ தன் பதிப்பிலே குருதியை வியர்வையாக மாற்றியது. அதன் போட்டியாளரான சேகா குருதியை மறைத்துவைத்து, இரகசியக் குறியொன்றை அழுத்தினால் அது தோன்றுமாறு விட்டது. சேகா தானே ஓர் ஒழுங்கை வகுத்துப் பெட்டியில் இட்ட குறி "எம்.ஏ. 13". ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னே ஹந்தானையிற் பிடித்த படத்தால் திரைக்கு வந்த பதின்மூன்று என்ற எண் இங்கே விளையாட்டுப் பெட்டியின் மீது வந்து அமர்ந்தது.

அந்த ஆண்டு டிசெம்பர் 9 ஆந் தேதி அமெரிக்க மேற்சபையிலே விசாரணை தொடங்கிற்று. ஜோசப் லீபர்மன், ஹேர்ப் கோல் என்ற இரு உறுப்பினர்கள் அதனை நடத்தினர். துறையினர் தாமே ஓர் ஒழுங்கை ஏற்படுத்தாவிடின் அரசு ஏற்படுத்தும் என்பது அவர்கள் விடுத்த எச்சரிக்கை. அதன் விளைவாக, 1994 செப்டெம்பரிலே "ஈ.எஸ்.ஆர்.பி." என்ற தர மதிப்பீட்டுச் சபை தோன்றியது. எல்லார்க்கும் உரியது, பதின்மூன்றும் மேலும், பதினேழும் மேலும், வயது வந்தோர்க்கு மட்டும் என்று அது வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தது. எழுத்து, பெட்டி முகப்பின் மூலையில் இருக்கும். பின்புறத்திலே வன்முறை, குருதி, சூது, தீய சொல் என்று காரணங்கள் சில சொற்களில் அமையும். வாங்குவோர் முதலில் முகப்பைக் காண்பர்; பின்பு பெட்டியைத் திருப்புவர்; அப்பழக்கத்தை அறிந்தே இவ்வாறு அமைத்தனர்.

ஐரோப்பாவிலே 2003 இலே "பெகி" என்ற ஒழுங்கு வந்தது. எழுத்துக்கு மாற்றாக அது எண்ணைக் கொண்டது: 3, 7, 12, 16, 18. பின்னர் அவ்வெண்களுக்குப் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று வீதி விளக்குகளை ஒத்த நிறங்கள் சேர்ந்தன. காரணங்களையும் சித்திரமாகவே தீட்டினர். இறுக்கிய கைமுட்டி வன்முறைக்கு, சிலந்தி அச்சத்துக்கு, ஊசி போதைப் பொருளுக்கு, கவறு சூதாட்டத்துக்கு. பல மொழி வழங்கும் கண்டத்திலே, எம்மொழியும் அறியாதார்க்கும் விளங்க வேண்டும் என்பதே நோக்கம்.

குறியின் அளவுபற்றியும் வழக்கு எழுந்தது. வடிவமைப்போர் அதனைச் சிறிதாக்க விரும்புவர். தீட்டிய ஓவியம் மறையக்கூடாது என்பது அவர் கவலை. பெற்றோரோ பெரிதாக வேண்டும் என்பர். ஜெர்மனி சட்டத்தினாலேயே இதனைத் தீர்த்தது. முகப்பிலே இடப்பக்கக் கீழ்மூலையில் 1200 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமலும், வட்டின் மீது 250 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமலும் குறி இருத்தல் வேண்டும். ஓவியத்தை விரும்பிச் சேகரிப்போர் முணுமுணுத்தனர். அவர்க்காகப் பதிப்பாளர் சிலர் உறைத்தாளின் மறுபுறத்திலே குறியில்லாத ஓவியத்தையும் அச்சிட்டனர். கடையிலே சட்டத்துக்கு அமைந்த முகம். வீட்டிலே திருப்பிச் செருகினால் கலைக்கு அமைந்த முகம்.

மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகின்றது? ஒரு விளையாட்டை முழுதும் விளையாடி முடிக்க நூறு மணி நேரமும் செல்லலாம். ஆதலால் பதிப்பாளர் நீண்ட வினாப்பட்டியலுக்கு விடையெழுதி, மிகக் கடுமையான பகுதிகளைப் படமாக்கி அனுப்புவர். பயிற்சி பெற்றோர் அவற்றைப் பார்த்துத் தீர்மானிப்பர். பதிப்பாளர் உண்மை கூறுவர் என்ற நம்பிக்கையே இம்முறையின் அத்திவாரம். 2005 இலே அது அசைந்தது. பதினேழு வயதினர்க்குரியதெனக் குறிபெற்ற "கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ" வரிசை விளையாட்டொன்றிலே, மறைத்துவைத்த பாலியற் பகுதியொன்று வட்டுக்குள் இருந்தமை வெளிப்பட்டது. யூலையிலே சபை அதன் குறியை "வயது வந்தோர்க்கு மட்டும்" என மாற்றியது. பெருங்கடைகள் தட்டுகளிலிருந்து பெட்டிகளை அகற்றின. மறைந்துகிடப்பதையும் கூற வேண்டும் என்ற விதி அதன்பின் வந்தது. 2018 முதல், விளையாட்டுக்குள்ளேயே பணம் செலுத்திப் பொருள் வாங்க நேரும் என்ற அறிவிப்பும் பெட்டியிலே சேர்ந்தது. பிள்ளையின் மனத்தோடு தந்தையின் பணப்பைக்கும் காவல் வேண்டியதாயிற்று.

குறி கட்டளையா, ஆலோசனையா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியா மாநிலம் வன்முறை விளையாட்டைச் சிறுவர்க்கு விற்பதைத் தடைசெய்து சட்டமியற்றியபொழுது, 2011 இலே அமெரிக்க உயர் நீதிமன்றம் அது பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணென்று தள்ளிவிட்டது. பிரித்தானியாவிலோ 2012 முதல், பன்னிரண்டும் அதற்கு மேலும் குறிக்கப்பட்ட விளையாட்டை அவ்வயதை எட்டாதவர்க்கு விற்பது குற்றம்.

இனி, கண்டிக்குத் திரும்பலாம். கம்பளையிலோ கடுகண்ணாவையிலோ உள்ள ஒரு தந்தை, பரீட்சையில் நன்கு தேறிய மகனுக்குப் பரிசு வாங்கக் கண்டி நகருக்கு வருகின்றார் என்று கொள்ளலாம். கடைத்தட்டிலே பெட்டி இருக்கின்றது. அதன் மூலையிலுள்ள எழுத்து அமெரிக்கப் பெற்றோருக்கென இடப்பட்டது. பின்புறத்துக் காரணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழோ சிங்களமோ அதிலே இல்லை. "எம்" என்ற எழுத்து முதிர்ச்சியைக் குறிக்கும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? நிறத்துடன் கூடிய "18" என்ற எண்ணாயின் அவர் கை தானே நிற்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு வடிவமைப்போர்க்குச் சிறியது. இத்தகைய தந்தைக்கு அது பெரிது.

வட்டைப் படியெடுத்து, நிழற்படி உறையுடன் விற்கும் வழக்கம் குறியை மங்கவும் மறையவும் செய்கின்றது. அதனினும் பெரிய மாற்றம், பெட்டியே மறைந்துவருதல். இன்றைய பிள்ளை விளையாட்டைக் கைத்தொலைபேசியிலே இறக்கிக்கொள்கின்றது. 2013 இலே அமைந்த பன்னாட்டு வயது மதிப்பீட்டுக் கூட்டமைப்பு, ஒரே வினாப்பட்டியலிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய குறியையும், தமக்கென அமைப்பில்லாத நாடுகளுக்குப் பொதுவான எண்ணையும் தருகின்றது. அவ்வெண் திரையிலே விளையாட்டின் பெயருக்கு அருகே சிறிதாகத் தோன்றும். கடையிலே பெட்டியைக் கையிலெடுத்துத் தந்தையிடம் நீட்டும் வேளை ஒன்று இருந்தது. அந்த ஒரு கணத்திலே பெரியவரின் கண் மூலையைப் பார்க்க வாய்ப்பிருந்தது. இறக்கிக்கொள்ளும் முறையிலே அக்கணம் இல்லை. தேடிப் பார்ப்பவர்க்கே எண் புலப்படும்.

குறியொன்றே பிள்ளையைக் காத்துவிடும் என்று கொள்வதும் தகாது. படப்பிடிப்புக் குழுவினர் 1983 மே மாதத் தொடக்கத்திலே மலைநாட்டை விட்டுச் சென்றனர். மூன்று மாதம் நிறைவுறுமுன், யூலைக் கலவரம் கண்டியையும் அடைந்தது; தமிழர் கடைகள் எரிந்தன. அப்படத்திலே நடிப்புக்காக மூட்டிய அச்சத்தைக் கண்டு கடல்கடந்த நாட்டினர் மறு ஆண்டிலே பதின்மூன்று என்று எல்லை வகுத்தனர். நகரத் தெருவிலே மெய்யாக எரிந்த நெருப்பைக் கண்ட பிள்ளைகளுக்கு எந்த எல்லையும் இருக்கவில்லை. அவர்களுக்கு அன்று காவலாயிருந்தவை, கண்களைப் பொத்திய தாயின் கையும், கதவைத் திறந்து உள்ளே அழைத்த அயலாரின் மனமுமே.

அந்தக் கையின் வேலையைத்தான் பெட்டியின் மூலையில் உள்ள எண் சிறிதளவு செய்ய முயல்கின்றது. உள்ளே இன்னது இருக்கின்றது என்று அது பெரியவரை எச்சரிக்கும். முடிவு செய்ய வேண்டியவர் அவர். பிள்ளையின் அருகே அமர்ந்து, அது விளையாடுவதை ஒரு கால் மணி நேரம் பார்த்து, "இது யார்? ஏன் இப்படிச் செய்கின்றான்?" என்று கேட்கும் தந்தைக்கு எண் துணையாகும். பாராத தந்தைக்கு 1200 சதுர மில்லிமீற்றரும் போதாது.

மகாவலிப் பள்ளத்தாக்கிலே அன்று அறுக்கப்பட்ட பாலத்தை மீண்டும் கட்டவில்லை. ஆனால், அப்படத்தினால் திரைக்கு வந்த பதின்மூன்று என்ற எண் இன்றும் வழங்கி வருகின்றது. அடுத்த முறை பிள்ளை ஒரு விளையாட்டைக் காட்டி வேண்டும் என்று கேட்கும்பொழுது, கண்டியிலாயினும் பிற ஊரிலாயினும் உள்ள பெற்றோர், விலையைப் பார்க்குமுன் அவ்வெண்ணைத் தேடிப் பார்ப்பாராக.